காரமில்லா மிளகாய் நாற்றுக்கு ரகப் பெயர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உடுமலைப்பேட்டை அருகே எங்கள் தென்னந்தோப்பின் ஓரத்தில் 4 ஆண்டுகளாகக் காரமில்லாத, இனிப்புச் சுவையுள்ள நீள மிளகாயைப் பயிரிட்டு வருகிறேன். சென்ற ஆண்டு பஜ்ஜி மிளகாய் என்று வாங்கிய குழித்தட்டு நாற்றுகளில் பாதி கடுங்காரமாகக் காய்த்தன. கார மிளகாய்க்குப் பக்கத்தில் நட்டதால் காரம் ஏறிவிட்டது என்று நாற்றுப் பண்ணையில் கூறினார்கள், அது சரியன்று. காரத்துக்குக் காரணமான கேப்சைசின், காயினுள் விதைகள் ஒட்டியிருக்கும் வெண்ணிறத் தசையில் உருவாகிறது. அத்தசை தாய்ச்செடிக்கு உரியது என்பதால், அயல் மகரந்தம் பட்டாலும் அந்தக் காயின் சுவை மாறாது, அதன் விதையை அடுத்த பட்டத்தில் விதைக்கும்போதுதான் கலப்பு வெளிப்படும். ஆகவே பிழை விதையிலேயே இருந்திருக்கிறது. விதைக்கு விடும் செடிகளைப் பூக்கும் முன்பே வலைத்துணியால் மூடினால் இதைத் தவிர்க்கலாம்.

இம்மிளகாயைச் செடியிலேயே சிவக்க விட்டால் இனிப்புக் கூடும். வறுத்த நிலக்கடலை, எள், தேங்காய்த் துருவல், சிறிது நாட்டுச் சர்க்கரை, உப்பு ஆகியவற்றை இடித்து, கீறிய பழத்தில் அடைத்து, கடலை எண்ணெயில் மூடிபோட்டு வதக்குவோம். அரிசிம்பருப்புச் சாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான தொடுகறி இல்லை என்பேன். காரம் ஒத்துக்கொள்ளாத என் தாயார் விரும்பி உண்ணும் ஒரே மிளகாய் இதுதான்.

நாற்றுத் தட்டுகளில் ரகத்தின் பெயரையும் விதை பெறப்பட்ட இடத்தையும் எழுதி ஒட்டுவதைத் தோட்டக்கலைத் துறை கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
உடுமலைப்பேட்டை.