அப்பாவின் குரலைச் சுத்தம் செய்யாதே, தம்பி

தம்பிக்கு,

அடுத்த மாதம் அப்பாவுக்கு முதல் திவசம். அதற்குள் பேச்சுப் பதிவுகளுக்கு ஒரு வழி சொல்லச் சொல்லியிருந்தாய். நீ சுத்தம் செய்து அனுப்பிய கோப்பை உரையாடல் ஆய்வுக்கான பேச்சுத் தொகுப்பில் சேர்க்கப் போவதில்லை. உன் கணினியில் கிடக்கும் மூலப் பதிவுதான் வேண்டும். அதுவும் அம்மா சம்மதித்தால் மட்டும்.

தொகுப்பு எதற்கு, யார் கேட்டார்கள் என்பதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். மடையோரம் பதிவான அந்த ஒரு இடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மேட்டூர் திறந்தாயிற்று, கடைமடைக்கு இன்னும் எட்டவில்லை. பக்கத்து வயல்காரர் கேட்கிறார்: "தண்ணி வந்துட்டாண்ணே?" அப்பாவிடமிருந்து 1.2 நொடிக்குப் பேச்சில்லை. நடுவில் லேசாக ஒரு உச்சுக்கொட்டல், அதையடுத்து மூச்சை உள்ளிழுக்கும் சத்தம். பிறகுதான் "வரும்". அவர் வாய் மூடுவதற்குள் வயல்காரர்: "அப்ப இப்ப நாத்து விட வேணாங்கிறீங்க."

அப்பா "வரலை" என்று சொல்லவே இல்லை. ஆனாலும் கேட்டவருக்கு அதுதான் கேட்டது. நம் யூகத்தை ஏற்றாமல், அடுத்து பேசுகிறவர் முன்னதை எப்படி எடுத்துக்கொண்டார் என்று பார்ப்பதுதான் உரையாடல் ஆய்வின் அடிப்படை. சாக்ஸ், ஷெக்லாஃப், ஜெஃபர்சன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் பேச்சில் ஒருவர் மாற்றி ஒருவர் பேசுவது பற்றி 1974-ல் எழுதியதிலிருந்து இந்தத் துறை பிடித்துக்கொண்டிருக்கும் பிடி இது. 2009-ல் பத்து மொழிகளை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று வந்தது. ஆம், இல்லை என்று பதில் கேட்கும் கேள்விகளுக்குச் சராசரியாக 0.2 நொடி அளவில் பதில் வந்துவிடுகிறது, பதில் சொல்ல முடியாதபோது தாமதம் கூடுகிறது என்றது. அந்தப் பத்தில் தமிழ் இல்லை. நம் ஊர்ப் பேச்சு அதில் எங்கே நிற்கிறது என்று சொல்ல இந்த மாதிரிப் பதிவுகள்தான் வேண்டும்.

உன் கோப்பில் அந்த 1.2 நொடி 0.3 ஆகியிருக்கிறது. எப்படி ஆயிற்று என்று சொல்கிறேன். முதலில் மோட்டார் இரைச்சலை மாதிரி காட்டி இரைச்சல் நீக்கம் போட்டாய். மூச்சுச் சத்தமும் இரைச்சல் போலவே பல அதிர்வெண்களில் பரந்து கிடப்பது. மென்பொருளுக்கு வித்தியாசம் தெரியாது, இரண்டையும் துடைத்துவிட்டது. உச்சுக்கொட்டல் அதைவிடச் சின்னது, அதுவும் போயிற்று. இப்போது அந்த இடம் முழு மௌனம். அடுத்து மௌனச் சுருக்கம் போட்டாய், மிச்சமும் போயிற்று. உன் கோப்பில் அப்பா தயங்காமல், நிச்சயமாக, "வரும்" என்கிறார். பாவம், வயல்காரர்தான் காது கேளாதவர் போல ஆகிவிட்டார். அப்படிப் பட்டென்று வாக்குக் கொடுக்கிறவரா உன் அப்பா?

மூலத்தை நீயே பிராட் என்ற ஒலி ஆய்வு மென்பொருளில் திற. திரையில் இரண்டு மூன்று நொடி மட்டும் தெரிகிறபடி பெரிதாக்கு. கேள்வியின் கடைசி ஏகாரத்தில் குரல் அதிர்வு நிற்கும் இடத்தில் ஒரு கோடு, வகரம் தொடங்கும் இடத்தில் ஒரு கோடு. இங்கே எல்லை தெளிவாக விழும். பதில் "தண்ணியா" என்று தொடங்கியிருந்தால் தொல்லைதான். நாக்கு பல்லில் ஒட்டி நிற்கும் நேரமும் மௌனமாகவே தெரியும், பேச்சு எங்கே தொடங்கிற்று என்று சத்தியம் செய்ய முடியாது. அலையை மட்டும் நம்பாதே, காதாலும் கேள். எழுதும்போது உச்சுக்கொட்டலுக்கும் மூச்சுக்கும் தனித்தனிக் குறி போடு, அவற்றுக்கு முன்னும் பின்னும் உள்ள இடைவெளியைத் தனியாக எழுது. இன்னொன்று: அப்பா "வரும்" என்பதில் உதடு மூடவில்லை. உகரத்தை மூக்கால் இழுத்து அப்படியே விட்டுவிடுகிறார். மகர மெய் போட்டு எழுதினால் அந்த இழுப்பு தெரியாது, பக்கத்தில் குறித்து வை.

போன வருஷம் போன மனிதரின் மூச்சைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு அளக்கச் சொல்வது கொடுமைதான். மன்னித்துக்கொள். ஆனால் அந்த மூச்சை நீக்கியது நீ, நானில்லை. "இரைச்சல்" என்று ஒரு வார்த்தையில் சொல்லி முடித்தாய். அவர் வாய் நிறைய "எம்புள்ள ரெக்கார்டு பண்றான்" என்று பக்கத்து ஆளிடம் சொல்வதும் அதே பதிவில்தான் இருக்கிறது. அதை எத்தனை முறை வேண்டுமானாலும் கேள். அவ்வளவு வாஞ்சையான குரல்.

அதற்கு அடுத்து வரும் பேச்சைப் பற்றி இங்கே எழுதமாட்டேன். நம் ஆட்கள் நாலு பேர் இதைப் படிக்கிறார்கள். எந்தப் பகுதி என்று உனக்குத் தெரியும். வெட்டி எடுக்காதே, வெட்டினால் பின்னால் வரும் நேரக் குறிப்பெல்லாம் நகர்ந்துவிடும். அந்த நீளத்துக்குச் சரியாக, பேச்சுக்குப் பதிலாக ஒரு தாழ்ந்த ஒலியை வை. எழுத்துப் படியில் பெயர்களை மாற்றும்போது அதே அசை எண்ணிக்கையில் மாற்று. மாற்றாத மூலம் அம்மாவிடம் இருக்கட்டும். வயல்காரரிடமும் தனியாகக் கேட்க வேண்டும். அவர் குரல் அவருடையது, அப்பா சரியென்று சொல்லியிருந்தாலும் அது அவருக்குச் சேராது.

வரும்போது ஹார்ட் டிஸ்க்கையே கொண்டுவா. வாட்ஸாப்பில் அனுப்பாதே, அது கோப்பை இன்னொரு முறை அமுக்கிச் சுருக்கிவிடலாம். வேவ் கோப்பாக, நொடிக்கு 44,100 மாதிரிகள், 16 பிட், ஒற்றைத் தடம் என்றால் நிமிடத்துக்கு ஐந்து எம்பிக்குக் கொஞ்சம் மேலே வரும். ஒரு மணி நேரப் பதிவே முந்நூறு சொச்சம்தான். இடமில்லை என்று இந்தத் தடவை சொல்லாதே.