வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை: கொரியப் பத்திரிகையாளர்கள் சொற்பொழிவு வரிசையும் நிலுவைச் சந்தாவும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், ஞாயிற்றுக்கிழமையையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். சியோலிலும் சுவோனிலும் வசிக்கும் தமிழர்களுக்கான நமது வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கையைச் செயற்குழுவின் ஒப்புதலுடன் முன்வைக்கிறேன்.

பொங்கல் விழா வழக்கம்போல நடைபெற்றது. சிறுவர்களுக்கான தமிழ் வகுப்பு, விடுமுறைக் காலம் நீங்கலாகத் தொடர்ந்தது. நூலகத்துக்கு ஊரிலிருந்து வந்தவர்கள் வழியாகச் சில புதிய நூல்கள் சேர்ந்தன. இரவல் போன பழைய நூல்கள் சில இன்னும் திரும்பவில்லை.

இந்த ஆண்டின் முதன்மைப் பணி, கொரியப் பொதுவாழ்வில் பத்திரிகையாளர்கள் ஆற்றிய பங்கு குறித்த சொற்பொழிவு வரிசையாகும். இது செயலாளரின் தனிப்பட்ட விருப்பம் என்றும், தமிழ் இலக்கியம் பேசுவதற்காகத் தொடங்கிய வட்டத்தில் இதற்கு இடமில்லை என்றும் சில உறுப்பினர்கள் காக்காவோ டாக் அரட்டைச் செயலிக் குழுவில் எழுதியிருந்தார்கள். இந்த வரிசை சென்ற பொதுக்குழுவில் தீர்மானமாக நிறைவேற்றப்பட்டதே என்பதைப் பணிவுடன் நினைவூட்டுகிறேன். நாம் இந்த நாட்டில் வேலை பார்க்கிறோம், வரி செலுத்துகிறோம், நம் பிள்ளைகள் இங்கே படிக்கிறார்கள். பல ஆண்டுகளாக இங்கே வசித்தும், ஏப்ரல் 7 ஏன் இங்கு பத்திரிகை நாளாகக் கொண்டாடப்படுகிறது என்று தெரியாமல் இருப்பது நமக்குப் பெருமை தருவதன்று.

அந்த நாளிலிருந்தே தொடங்கினோம். 1884 ஆம் ஆண்டு ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி தோற்றபின் அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்று, மருத்துவம் பயின்று, அந்நாட்டுக் குடிமகனாகவே திரும்பிவந்த சோ ஜே-பில், 1896 ஏப்ரல் 7 அன்று தோங்னிப் சின்முன் இதழைத் தொடங்கினார். படித்தவர்கள் சீன எழுத்தையே மதித்த காலத்தில், எளியவரும் பெண்களும் படிக்கும்படி சீன எழுத்து கலவாத கொரிய எழுத்தில், சொற்களுக்கிடையே இடைவெளி விட்டு அதை அச்சிட்டார். அடுத்த அமர்வு ஜாங் ஜி-யோன் பற்றியது. கொரியாவின் வெளியுறவு அதிகாரத்தை ஜப்பான் பறித்துக்கொண்ட 1905 ஒப்பந்தத்தைக் கண்டித்து, தணிக்கையைப் பொருட்படுத்தாமல் நவம்பர் 20 அன்று ஹ்வாங்சோங் சின்முனில் அவர் எழுதிய தலையங்கத்துக்காக இதழ் நிறுத்தப்பட்டது, அவரும் கைதானார். அதே மனிதர் பிற்காலத்தில் ஜப்பானிய ஆட்சியின் நாளேட்டில் எழுதினார் என்பதற்காக, 2009 இல் வெளியான ஜப்பான் சார்பாளர் பெயரகராதியில் அவர் பெயரும் சேர்ந்தது. புகழ்மாலை சூட்டும் நிகழ்ச்சி நடத்துகிறோம் என்று குறை சொன்னவர்கள் இந்த அமர்வுக்கு வரவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

மூன்றாம் அமர்வை யாங்ஹ்வாஜின் வெளிநாட்டவர் கல்லறைத் தோட்டத்திலேயே நடத்தினோம். பிரிஸ்டலில் பிறந்த எர்னஸ்ட் பெதல் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். ரஷ்ய–ஜப்பானியப் போர்ச் செய்தி சேகரிக்க 1904 இல் வந்த அவர், கொரியப் பத்திரிகையாளர் யாங் கி-தாக்குடன் சேர்ந்து தேஹான் மேயில் சின்போ நாளேட்டை நடத்தினார். பிரிட்டானியக் குடிமகனின் உடைமை என்பதால் ஜப்பானியத் தணிக்கை அந்த நாளேட்டின் மேல் செல்லவில்லை. ஆகவே ஜப்பான் பிரிட்டனுக்கு நெருக்கடி கொடுத்தது. 1907 இலும் 1908 இலும் பிரிட்டானிய நீதிமன்றமே அவரை விசாரித்தது. இரண்டாம் முறை மூன்று வாரச் சிறைத்தண்டனையை அவர் ஷாங்காயில் கழித்தார். 1909 மே 1 அன்று இறந்தபோது அவருக்கு வயது 36. அவர் கல்லறைக்கு ஜாங் ஜி-யோன் எழுதிய வாசகத்தை ஜப்பானியர் செதுக்கி எடுத்துவிட்டார்கள். 1964 இல் கொரியப் பத்திரிகையாளர்கள் அதன் அருகில் இன்னொரு கல்லை நட்டு அந்த வாசகத்தை மீட்டார்கள். ஹப்ஜோங் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய இந்த இடத்துக்குக் குழுவில் கட்டைவிரல் உயர்த்தியவர்கள் பலர். வந்தவர்கள் ஒரு வாடகைக் காரில் அடங்கினோம். வர இயலாதவர்கள் முன்னரே தெரிவித்திருந்தால் சிற்றுண்டி வீணாகியிருக்காது.

இவ்விடத்தில் கணக்கு பற்றியும் சொல்லிவிடுகிறேன். வரவு பெரும்பாலும் சந்தாவாலும், சில நல்லுள்ளங்களின் நன்கொடையாலும் வந்தது. செலவு அரங்க வாடகைக்கும் சிற்றுண்டிக்கும் ஒலிபெருக்கிக்கும் போயிற்று. சிறு பற்றாக்குறை உண்டு. அதை யார் ஈடுசெய்தார் என்பது பொருளாளருக்குத் தெரியும். விரிவான கணக்கை அவரிடம் எந்நேரமும் பார்க்கலாம். கணக்குக் கேட்பது உறுப்பினர் உரிமை. ஆனால் சந்தா கட்டியவர்கள் எவரும் கேட்கவில்லை, கட்டாதவர்களே கேட்டார்கள். ஜப்பானிடம் பட்ட ஒரு கோடியே முப்பது லட்சம் வோன் கடனை அடைக்க 1907 இல் தேகுவில் தொடங்கிய மக்கள் இயக்கத்தில், ஆண்கள் மூன்று மாதம் புகையிலையை விட்டு அந்தக் காசைக் கொடுத்தார்கள், பெண்கள் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார்கள். கொடுத்தவர் பட்டியலைத் தேஹான் மேயில் சின்போ அச்சிட்டது. மறு ஆண்டே, அந்தப் பணத்தைக் கையாடினார் என்று யாங் கி-தாக்கைக் கைதுசெய்தார்கள். நீதிமன்றம் குற்றமற்றவர் என விடுவித்தது. ஆனாலும் இயக்கம் அதற்குள் தளர்ந்துபோயிற்று. இதை இங்கே குறிப்பிடுவதற்கு உள்நோக்கம் எதுவுமில்லை. நமது வட்டத்தில் நிலுவை வைத்திருப்போர் பட்டியல் இவ்வறிக்கையுடன் இணைக்கப்படவில்லை. அவ்வாறு இணைக்க வேண்டாம் எனத் தலைவர் கேட்டுக்கொண்டதே அதற்குக் காரணம்.

க்வாங்ஹ்வாமுன் சந்திப்பில் இன்று கலை அருங்காட்சியகமாக இருக்கும் தோங்கா இல்போவின் பழைய கட்டடத்தின் முன் கூடிய அமர்வே, என் எண்ணத்தில், ஆண்டின் சிறந்த அமர்வு. 1936 பெர்லின் ஒலிம்பிக் மாரத்தானில் ஜப்பான் அணியில் ஓடி வென்ற கொரியர் சோன் கீ-ஜோங்கின் மார்பிலிருந்த ஜப்பானியக் கொடியை அழித்துவிட்டு அந்த நாளேடு படம் வெளியிட்டது. விளையாட்டுச் செய்தியாளர் ஈ கில்-யோங்கும் உடனிருந்தவர்களும் கைதானார்கள். நாளேடு 1937 ஜூன் வரை நிறுத்தப்பட்டது. அதே கட்டடத்தில் 1974 அக்டோபர் 24 அன்று, அதிபர் பார்க் சுங்-ஹீ ஆட்சியின் கண்காணிப்பை எதிர்த்துச் செய்தியாளர்கள் சுதந்திரப் பிரகடனம் வெளியிட்டார்கள். விளம்பரதாரர்கள் விலகிக்கொள்ள, வெற்றுப் பக்கங்களை வாசகர்களே சிறு சிறு விளம்பரங்களால் நிரப்பினார்கள். இறுதியில் 1975 மார்ச்சில் நூற்றுக்கும் மேற்பட்டோரை வேலையைவிட்டு நீக்கியது நாளேட்டின் நிர்வாகமே. ஆட்சியை மட்டும் குறை சொல்லி இந்த வரலாற்றை முடித்துவிட முடியாது. அதை எதிர்த்து ஆசிரியர் பொறுப்பைத் துறந்த சோங் கோன்-ஹோ, 1988 மே 15 அன்று வெளிவந்த ஹங்க்யோரே நாளேட்டின் முதல் தலைவரானார். சுமார் 27,000 குடிமக்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த 500 கோடி வோனில் அது தொடங்கியது. நாம் கேட்பது ஆண்டுக்கு ஒருமுறை கட்டும் சந்தாவை மட்டுமே.

ஜோ யோங்-சு பற்றிய அமர்வு சுருக்கமாகவே அமைந்தது. அவருடைய வாழ்வும் சுருக்கமானது. 1961 பிப்ரவரியில் மின்ஜோக் இல்போ நாளேட்டைத் தொடங்கியவர், அவ்வாண்டு டிசம்பரிலேயே ராணுவ ஆட்சியால் தூக்கிலிடப்பட்டார். மறுவிசாரணையில் அவர் நிரபராதி என்று நீதிமன்றம் சொன்னது 2008 இல். சோசன் இல்போவில் 1924 இல் சேர்ந்த முன்னோடிப் பெண் செய்தியாளர் சோய் உன்-ஹீ பற்றி ஓர் உறுப்பினர் சிறப்பாக உரையாற்றினார். பெண்களுக்கு ஒரே ஓர் அமர்வு போதுமா என்று அவர் எழுப்பிய கேள்வி செயற்குழுவின் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டுள்ளது.

கடைசி அமர்வில்தான் அரங்கம் நிரம்பியது. சோன் சொக்-ஹீயைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள் அல்லவா? 1992 எம்பிசி தொலைக்காட்சி நிலைய வேலைநிறுத்தத்தில் சிறை சென்ற அவர், 2016 இல் ஜேடிபிசி தொலைக்காட்சியின் செய்திப் பிரிவின் தலைவராக இருந்தார். அதிபர் பார்க் குன்-ஹேயின் உரை வரைவுகள் பதவி ஏதும் இல்லாத அவருடைய தோழியின் கையடக்கக் கணினியில் இருந்ததை அக்டோபர் 24 அன்று அந்நிலையம் வெளியிட்டது. டிசம்பர் 9 அன்று நாடாளுமன்றம் அதிபர்மீது பதவிநீக்கத் தீர்மானம் நிறைவேற்றியது. 2017 மார்ச் 10 அன்று அரசமைப்பு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தோங்கா இல்போ செய்தியாளராக இருந்து பிரதமரான ஈ நாக்-யோன், எம்பிசி செய்தி வாசிப்பாளராக இருந்து 2007 இல் அதிபர் தேர்தலில் நின்ற ஜோங் தோங்-யோங் ஆகியோரை முன்னிட்டு, செய்தி அறையிலிருந்து நேரே கட்சிக்குப் போவது சரியா என்ற விவாதம் எழுந்தது. அரங்கத்தாரே விளக்கை அணைத்ததால் அது முடிவின்றி நின்றது.

உரையாற்றியவர்களுக்கும், கொரிய மூலங்களை இரவு கண்விழித்து மொழிபெயர்த்துத் தந்த மாணவர்களுக்கும், சிற்றுண்டி கொண்டுவந்த குடும்பத்தினருக்கும், வழிநடத்திய தலைவர் அவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்கு இரண்டு திட்டங்கள் உள்ளன. ஆட்சியாளர்கள் நாளேடுகளுக்கு நாள்தோறும் அனுப்பிவந்த செய்தி வழிகாட்டுதல்களை வெளியே கொடுத்து, 1986 இல் மால் இதழில் அம்பலமாக்கிய ஹங்குக் இல்போ செய்தியாளர் கிம் ஜூ-ஒன் பற்றிய அமர்வு ஒன்று. 1980 மே மாதத்தில் குவாங்ஜுவில் மக்களாட்சி கேட்டு எழுந்தவர்களை ராணுவம் ஒடுக்கியதைப் படமெடுத்து உலகுக்குக் காட்டிய ஜெர்மானியர் யூர்கன் ஹின்ஸ்பேட்டரின் நினைவிடத்துக்குப் பயணம் மற்றொன்று. ரயில் பயணச்சீட்டை முன்பணமின்றி எடுக்க இயலாது. செயலாளர் பொறுப்பை ஏற்க யாரேனும் முன்வந்தால் ஆவணங்கள் அனைத்தையும் இன்றே ஒப்படைக்க ஆயத்தமாக இருக்கிறேன். யாரும் வராவிடில், பயணத்துக்குப் பெயர் தருவோர் நிலுவையைத் தீர்த்துவிட்டுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். பொருளாளர் கூட்டம் முடியும்வரை ரசீதுப் புத்தகத்துடன் வாசலருகே இருப்பார்.

இங்ஙனம்,
செயலாளர்