செதுக்குபவர் வேறு, குறி சொல்பவர் வேறு

ஆசிரியருக்கு,

கானா நாட்டு அக்கான் மக்களின் மரச்சிற்பங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், அருள் வந்து செதுக்கி அந்தச் சிற்பத்தாலேயே நோய் தீர்க்கும் ஒரு கலைஞர் வருகிறார். படிக்கச் சுவைதான். ஆனால் அக்கான் மக்களில் ஒரு பிரிவான அசாந்தேகளின் வழக்கத்தில் அது இருவர் வேலை.

தெய்வத்தின் அழைப்பு வருவது ஒக்கொம்ஃபோ எனப்படும் பூசாரிக்கு. ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். ஒபொசோம் என்ற தெய்வம் ஒருவரைப் பிடித்தால் உடல் நடுங்கும், காரணம் தெரியாத நோய் நீடிக்கும், சிலர் காட்டுக்குள் போய்விடுவார்கள். இது அழைப்புத்தானா என்று பார்த்துச் சொல்வதற்கு ஏற்கெனவே பூசாரியாக இருக்கும் ஒருவர் வேண்டும். அதன் பிறகு வழக்கமாக 3 ஆண்டுப் பயிற்சி. அந்தக் காலத்தில் முடி வெட்டுவதில்லை, உடலுறவு விலக்கு. பச்சிலைக் குளியல், மூலிகை, ஆட்டம் எல்லாம் பழகிய பிறகே பாத்திரத்துத் தண்ணீரை உற்றுப் பார்த்துக் குறி சொல்லக் கற்பார்கள்.

செதுக்குபவருக்கு இதெல்லாம் வேண்டியதில்லை. அசாந்தேகளின் தலைநகரான குமாசிக்கு அருகிலுள்ள அஹ்வியா போன்ற ஊர்களில் அது குருவிடம் இருந்து பழகும் தொழில். அவருக்கென்று தனிக் கட்டுப்பாடு உண்டு: சிற்பத்துக்கான ஒசெசெ என்ற மென்மரத்தை வெட்டும் முன் அடிமரத்தில் ஒரு முட்டையை உடைத்து, இரும்பு என்னைக் காயப்படுத்தக் கூடாது என்று வேண்டிக்கொள்வதை 1920களில் ராட்ரே என்ற பிரிட்டிஷ் மானிடவியலாளர் பதிவு செய்திருக்கிறார்.

இருவர் வேலையும் சேருவது அகுவாபா என்ற மரப்பொம்மையில்தான். பிள்ளை இல்லாத பெண் முதலில் பூசாரியிடம் போகிறாள். அவர் சொன்ன பிறகே பொம்மை செதுக்கச் சொல்லுகிறார்கள். கோயிலில் வைத்து எடுத்ததும், அதை முதுகுத் துணியில் செருகி, மணி கட்டி, குளிப்பாட்டி, நிஜக் குழந்தையாகவே வளர்க்க வேண்டும். பிள்ளை பிறந்ததும் பெரும்பாலும் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஒரு கோயிலில் இப்படிச் சேர்ந்த பொம்மைகள் எத்தனை என்பதே அந்தப் பூசாரியின் பெயருக்குச் சாட்சி. கட்டுரை இந்த நடுப்பகுதியை முழுக்க விட்டுவிட்டு மரத்துக்கே மருத்துவ சக்தி கொடுத்துவிட்டது.

உருவத்திலும் கவனிக்க வேண்டியது இருக்கிறது. தட்டையான வட்டத் தலை, முகத்தின் கீழ்ப்பாதியில் ஒதுங்கிய கண்ணும் மூக்கும், கழுத்தில் கொழுப்பு மடிப்பு போன்ற வளையங்கள். எல்லாம் அழகும் ஆரோக்கியமும் உள்ள குழந்தைக்கான அடையாளம். சிலவற்றில் கன்னத்தில் தெரியும் சிறு கீறல்களைக் கட்டுரையாளர் ‘அலங்காரம்’ என்கிறார். குழந்தைக்கு வலிப்பு வராமல் இருக்க மருந்து வைத்துக் கீறும் தழும்பு அது. பழைய பொம்மைகளில் கை குட்டையாக, நேராகப் பக்கவாட்டில் நீட்டியிருக்கும். மரத்தின் நார் தலையிலிருந்து அடிவரை ஓடுவதால் கை நாருக்குக் குறுக்கே வருகிறது. நீளமாகவும் மெல்லியதாகவும் விட்டால் தோள்பட்டையில் ஒடியும். ஈர மரத்தில் செதுக்குவது சுலபம், ஆனால் முடித்ததை உடனே வெயிலில் வைத்தால் தலைத்தட்டு நார் வழியே பிளந்துவிடும்.

அதே இதழின் அட்டைப்பட விஷயத்துக்கு வருகிறேன். பழைய வகைக்கு மாறாக, அதிலுள்ள பொம்மைக்கு முழுக் கால்களும் மடங்கிய கைகளும் இருக்கின்றன. மேனி முழுதும் ஒரே கறுப்பு. புழங்கிய அகுவாபாவில் துணி உராய்ந்த முதுகும் மணிக்கயிறு கிடந்த இடுப்பும் மட்டும் தேய்ந்து பளபளக்கும், மற்ற இடம் மங்கியிருக்கும். சந்தைக்குச் செய்வதில் செருப்புப் பாலீஷ் பூசுவது வழக்கம். வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்தாலே பல சமயம் கறை ஒட்டும். ‘300 ஆண்டுப் பழமை’ என்ற குறிப்பை நம்ப முடியவில்லை. கரையானும் ஈரமும் உள்ள அந்தக் காட்டு நாட்டில் மென்மரம் அவ்வளவு காலம் தாங்குவது அபூர்வம்.

வைத்தியமும் சிற்பமும் ஒருவரிடமே சேர்ந்திருந்ததைக் காட்ட விரும்பினால், ஒக்கு அம்போஃபோவைப் பற்றி ஒரு கட்டுரை போடலாம். எடின்பரோவில் மருத்துவம் படித்த அக்கான்காரர், பேர்பெற்ற சிற்பி. 1975இல் மாம்போங்-அகுவாபெமில் தொடங்கிய மூலிகை மருந்து ஆய்வு மையம் அவர் முயற்சி. அடுத்த இதழில் அட்டைப்படக் குறிப்பையும் திருத்தி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி