ங்கோரோங்கோரோவிலிருந்து அக்காவுக்கு

ங்கோரோங்கோரோ, தான்சானியா
ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கே அம்மா, அப்பா, அத்தான், பெரியவன், பாப்பா எல்லோரும் நலமா? இங்கே சுற்றிப் பார்க்க வந்த சென்னைக் குழுவிடம் சின்ன மாமா மூலம் நீ கொடுத்தனுப்பிய பொட்டலமும் கடிதமும் வந்து சேர்ந்தன. பருப்புப்பொடி, கூழ்வற்றல், நார்த்தங்காய் எதுவும் நொறுங்கவும் இல்லை, ஒழுகவும் இல்லை. மேலே சுற்றியிருந்த கேரி பேக்கை மட்டும் விமான நிலையத்திலேயே வாங்கிக்கொண்டார்களாம். 2019 ஜூனிலிருந்து இங்கே அந்தப் பைக்குத் தடை. அடுத்த முறை மஞ்சப்பையில் கட்டிக் கொடு.

“நீ இருக்கிறாயா இல்லையா என்று சிங்கத்திடம்தான் விசாரிக்க வேண்டுமோ” என்று எழுதியிருக்கிறாய். கோபம் நியாயம்தான். இந்த மலை விளிம்பில் சிக்னல் வந்தால் வரும், போனால் போகும். எனக்கு லாட்ஜ் சமையல் வேலை முடிய ராத்திரி பத்தாகும், அப்போது அங்கே பன்னிரண்டரை. அப்பாவுக்கோ போனில் சொன்னால் பாதிதான் காதில் விழும். கடிதம் என்றால் நீ பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவாய். நாளைக்குக் கிளம்புகிற குஜராத்திக் குடும்பம் இதை மும்பையில் தபாலில் போடுவதாகச் சொல்லியிருக்கிறது.

“ஆப்பிரிக்காவில் வெயில் தாங்குகிறானா” என்று அம்மா கேட்டாளாமே. வெயிலை எங்கே பார்க்க! நாங்கள் இருப்பது 2,300 மீட்டர் உயரத்தில். கொடைக்கானலைவிடக் கொஞ்சம் கூடுதல். காலையில் எழுந்தால் சமையலறை ஜன்னலுக்கு வெளியே மஞ்சு மட்டும்தான் தெரியும். ஜூன், ஜூலையில் குளிர் இன்னும் மோசம். இந்த உயரத்தில் தண்ணீர் 92 டிகிரி சுமாருக்கே கொதித்துவிடுகிறது. கொதிக்கிறதே என்று பருப்பைப் போட்டால் மத்தியானம் வரை கல்லாகவே கிடக்கும். குக்கர் இல்லாமல் ஒன்றும் நடக்காது. இட்லி மாவு பொங்குவதற்கு வெந்நீர் பாய்லர் பக்கத்தில் போர்வை சுற்றி வைக்கிறேன். மாவுக்கு இருக்கிற போர்வை எனக்கு இல்லை என்று இங்கே எல்லோரும் கேலி செய்வார்கள். எனக்கும் இருக்கிறது, கவலைப்படாதே. பழைய ஸ்வெட்டரே போதும், புதிது எதுவும் வாங்கி அனுப்ப வேண்டாம்.

சாப்பாட்டுக்குக் குறை இல்லை. இங்குள்ளவர்களுக்கு உகாலிதான் சோறு. மக்காச்சோள மாவில் கிண்டுகிற கெட்டிக் களி, தொட்டுக்கொள்ளக் கீரை. பரவாயில்லை, பசிக்கு நன்றாகவே இறங்குகிறது. உனக்கு ஒரு செய்தி சொல்கிறேன்: கீழே கராட்டு பக்கம் மக்காச்சோளத்துக்கு ஊடே துவரை போடுகிறார்கள். இந்த நாட்டுத் துவரை பெரும்பாலும் நம் நாட்டுக்குத்தான் கப்பல் ஏறுகிறது. அண்ணாச்சி கடையில் நீ வாங்குகிற பருப்பு ஒருவேளை நான் தினம் பார்க்கிற வயலிலிருந்து வந்ததாக இருக்கும்.

அறையில் கூட இருந்த மலையாளிப் பையன் ஊருக்குப் போய்விட்டான். அறை இப்போது நல்ல விசாலம். பக்கத்து அறையில் எங்கள் இரவுக் காவலர் இருக்கிறார். மாசாய் இனத்துப் பெரியவர், எல்லோருக்கும் பாபு. தாத்தா முறை. சிவப்புக் கட்டம் போட்ட போர்வை, ஒரு கையில் ஈட்டி, மறு கையில் டார்ச். மீன் தொடமாட்டார், கோழி தொடமாட்டார். கோழிக்குழம்பு வைத்த அன்று என்னை ரொம்பப் பாவமாகப் பார்ப்பார். தினமும் காலையில் நான் “ஷிகாமூ” என்று வணங்க வேண்டும், அவர் “மரஹாபா” என்று ஏற்றுக்கொள்வார். அதற்கு அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “உன் வீட்டு மாடு எப்படி இருக்கிறது?” மாட்டுக்கு அப்புறம்தான் அம்மா, அப்பா. இவருடைய தம்பி குடும்பம் எம்சோமேரா என்கிற தூரத்து ஊருக்குக் குடிபெயர்ந்துவிட்டது. இந்தக் காட்டில் ஆளும் மாடும் பெருகிவிட்டன என்று 2022 முதல் அரசாங்கம் வீடும் நிலமும் கொடுத்து அங்கே அனுப்புகிறது. இவர் போகவில்லை. ஏன் என்று கேட்டேன். மாடு எங்கே நிற்கிறதோ அங்கேதான் நான் என்றார்.

(இந்தப் பத்தியை அம்மாவுக்கு வாசிக்காதே.) ராத்திரி சமையலறையிலிருந்து அறைக்கு இருநூறு அடிதான், ஆனாலும் பாபு இல்லாமல் போகக் கூடாது. கிழட்டுக் காட்டெருமைகள் புல் மேய முற்றம் வரை வந்துவிடும். கூட்டத்தை விட்டுப் பிரிந்த கடா. சிங்கமாவது வயிறு நிறைந்தால் படுத்துக்கொள்ளும், இதற்கு எதிரே யார் வந்தாலும் கோபம். போன வாரம் நான் கதவைத் திறந்தபோது ஒன்று வாசலிலேயே நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. நெற்றியில் இரண்டு கொம்பும் சேர்கிற இடம் பழைய மரக்கட்டைபோல வெடித்துக் கிடந்தது, அதில் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு அன்றைக்குச் சாப்பாட்டை மறந்தேன்.

சரி, அத்தான் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய முதலாளி குடும்பத்தோடு ஆப்பிரிக்கா வரப்போகிறார், மிருகம் பார்க்க எந்தக் காடு முதல் தரம் என்று எழுதச் சொன்னாராம். எந்தக் காடு என்பதற்கு முன்னால் எந்த மாதம், யார் யார் வருகிறார்கள் என்று கேட்டுச் சொல்லச் சொல். நம் பிள்ளைகளுக்குப் பெரிய லீவு ஏப்ரல், மேயில். இங்கே அப்போதுதான் பெருமழை. பாதை சேறு, பாதிக் கூடாரங்கள் மூடிக் கிடக்கும். இப்போது எங்கள் லாட்ஜிலும் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், என்னை வைத்திருக்கிறார்கள். ஆகவே மே லீவில்தான் வருவேன் என்றால், கடைசி வாரமாகப் பார்த்து தென்னாப்பிரிக்காவின் க்ரூகருக்குப் போகட்டும். அங்கே மே மாதம் மழை விட்டுப் புல் காய ஆரம்பித்துவிடும். 19,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு, 1926இலேயே தேசியப் பூங்காவானது. தார் ரோடு இருக்கிறது, நம்மைப்போலவே இடது பக்கம் ஓட்டுகிற நாடு, முதலாளி தானே வண்டி ஓட்டிக்கொண்டு போகலாம்.

மற்ற இடங்களை நான் பார்த்ததில்லை, ஓட்டுநர்களும் விருந்தினர்களும் சொல்லிக் கேட்டதுதான். போட்ஸ்வானாவில் ஒகவாங்கோ. அங்கோலாவில் பெய்த மழை மாதக்கணக்கில் நடந்து வந்து, மழையே இல்லாத மாதங்களில் அங்கே வெள்ளமாகப் பரவுமாம். மரத்தோணியில் உட்கார்ந்து யானை பார்க்கலாம். அழகுக்கு அதை அடித்துக்கொள்ள இடமில்லை என்கிறார்கள். ஆனால் பல முகாம்களுக்குக் குட்டி விமானத்தில்தான் போக வேண்டும், பணமும் அந்தத் தண்ணீரைப்போலப் போகும். நமீபியாவில் எடோஷா. உப்புப் பாலை ஓரத்து நீர்க்குழிப் பக்கம் சும்மா உட்கார்ந்தால் போதும், மிருகம் தானே தண்ணீருக்கு வரும். சாம்பியாவின் தெற்கு லுவாங்வா காலால் நடந்து பார்க்கிற காடு. முதலாளியம்மாவின் முழங்கால் இருக்கிற லட்சணத்துக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

என்னைக் கேட்டால் இங்கேதான் வரச் சொல்வேன். இது என் ஊர்ப் பாசம் இல்லை. ஒரே வாரத்தில் நாலு விதமான காடு வேறு எங்கே கிடைக்கும்? தரங்கிரேயில் யானை. காலாண்டு லீவில் வந்தால் சரியாக இருக்கும், மற்ற இடத்தில் தண்ணீர் வற்றி எல்லாக் கூட்டமும் அந்த ஆற்றங்கரைக்கு வந்திருக்கும். பவோபாப் மரத்தடியில் அறுபது, எழுபது யானை நிற்கிறதை நானே பார்த்தேன். அங்கே கருநீலச் சட்டை மட்டும் போடாமல் வரட்டும். செட்சி ஈ அந்த நிறத்துக்குத்தான் பாயும். துணியைத் தாண்டிக் கடிக்கும்.

எங்கள் காலடியில் இருக்கிற பள்ளம், எரிமலை உள்ளே விழுந்து உண்டானது. 600 மீட்டர் ஆழம், 260 சதுர கிலோமீட்டர் தரை. காலை ஆறுக்கு இறங்கி மாலை ஆறுக்குள் ஏறிவிட வேண்டும். கறுப்புக் காண்டாமிருகம் பார்க்க இதுதான் இடம், தூரத்தில் கறுப்புப் புள்ளியாகவாவது தெரியும். ஒட்டகச்சிவிங்கி மட்டும் கீழே கிடையாது. உள்ளே இறங்க வண்டிக்கே 250 டாலருக்கு மேல் தனிக் கட்டணம், அதை அத்தான் முன்கூட்டியே சொல்லிவிடட்டும். நான் கட்டிக் கொடுக்கிற பூரியும் உருளைக்கிழங்கும் வண்டிக்குள்ளே வைத்துத்தான் சாப்பிட வேண்டும். நீர்யானைக் குளத்தருகே இறங்கி நின்று சாப்பிட்ட ஒரு அகமதாபாத் ஆளின் கையிலிருந்த பூரியைப் பருந்து அப்படியே கொத்திக்கொண்டு போனது. தட்டை நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றார், மனிதர்.

செரங்கெட்டி 14,763 சதுர கிலோமீட்டர். பிரியாத நம் நெல்லை மாவட்டத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். முதலாளி டிவியில் பார்த்திருப்பார், வில்டபீஸ்ட் என்று மாடுபோல இருக்கிற மான், பத்து லட்சத்துக்கும் மேல், ஆற்றில் குதிக்கும், முதலை இழுக்கும். ஜூலையிலிருந்து அக்டோபர் வரை வடக்கே மாரா ஆற்றில் அது நடக்கும். நேரில் போய்ப் பார்த்தால், கரையில் ஐம்பது வண்டி, வெயிலில் நாலு மணி நேரம், கடைசியில் முன்னால் நிற்கிற மாடு ஒன்று மிரண்டு திரும்பினால் மொத்தக் கூட்டமும் திரும்பிவிடும். எதிர்ப்பக்கம் கென்யாவின் மசாய் மாராவிலும் அதே கதை. 2024இலிருந்து அங்கே ஜூலை முதல் டிசம்பர் வரை ஆளுக்கு ஒரு நாள் கட்டணமே 200 டாலர், மற்ற மாதங்களில் 100. கென்யா வழியாக வந்தால் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட அட்டை வேண்டும், திரும்பி வரும்போது நம் ஆட்கள் கேட்பார்கள். சென்னை கிண்டி கிங் நிலையத்தில் போடலாம், கிளம்புவதற்குப் பத்து நாளாவது முன்னால்.

என் கணக்கில் ஆற்றைவிடப் பிப்ரவரி மாத என்டுட்டுதான் மேல். பிள்ளைகளுக்குப் பள்ளியில் லீவு சொல்லியாவது வரலாம். செரங்கெட்டிக்குத் தெற்கே உள்ள அந்தப் புல்வெளியில் இரண்டு மூன்று வாரத்துக்குள் வில்டபீஸ்ட் லட்சக்கணக்கில் கன்று போடும். இந்தியக் குழு என்றால் சமைக்க என்னையும் வண்டியில் ஏற்றிக்கொள்வார்கள், அப்படிப் போனதுதான். எங்கள் வண்டிக்கு இருபது அடியில் ஒன்று ஈன்றது. கன்று ஈரத்தோடு எழுந்தது, விழுந்தது, முன்னங்கால் மடங்கியது, திரும்ப எழுந்தது. பத்து நிமிஷம் ஆகவில்லை, ஓட ஆரம்பித்துவிட்டது. தூரத்தில் கழுதைப்புலி ஒன்று உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் நகர்ந்ததும் அந்தக் கன்று தாயை விட்டுவிட்டு எங்கள் வண்டிக்குப் பின்னால் வந்தது. கண் திறந்து பார்த்ததில் நகர்கிற பெரிய உருவம் எதுவோ அதுதான் அதற்கு அம்மா. ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டு அசையாமல் இருக்கச் சொன்னார். தாய் வந்து முனகி, மோந்து, இடித்துத் தள்ளிக்கொண்டு போனது. குழுவில் எல்லோரும் கை தட்டினார்கள்.

எனக்கு லட்சுமி முதல் கன்று போட்ட ராத்திரி ஞாபகம் வந்தது. அரிக்கேன் விளக்கை நீ பிடித்துக்கொண்டிருந்தாய், அம்மா வைக்கோலால் கன்றைத் துடைத்தாள், சீம்பாலுக்கு நான் தூங்காமல் உட்கார்ந்திருந்தேன். அவளை விற்றுவிட்டோம் என்று நீ கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறாய். விற்றது சரிதான். அம்மாவால் இனி புல் அறுக்க முடியாது, அப்பாவுக்குக் கண் தெரியவில்லை. எந்தச் சந்தைக்குப் போனாள் என்று மட்டும் எழுதியிருக்கலாம். உன் கடிதம் வந்த மறுநாள் பாபு வழக்கம்போல மாடு எப்படி என்றார். நலம் என்றேன். இன்றைக்கும் அப்படித்தான் சொன்னேன். வருகிற விசுவுக்குக் கனி வைக்கும்போது மாம்பழத்துக்குப் பக்கத்தில் என் படத்தை வைக்காதே, அம்மா பார்த்து அழுவாள். இங்கே மாம்பழம் கிடைக்கிறது. வேப்பம்பூதான் இல்லை. உங்கள் எல்லோரையும் ஒரு தடவை பார்த்தால் போதும்போல இருக்கிறது, அக்கா.

சரி, காரியத்துக்கு வருகிறேன். இந்த மாதம் பணம் வராது, வங்கியில் ஏதோ தாமதம். ஜூனில் சேர்த்து அனுப்புகிறேன். மாடு விற்ற பணத்தில் அம்மா வளையலுக்கு வட்டியை மட்டும் கட்டிச் சொசைட்டியில் திருப்பி வை, அசலை நான் பார்த்துக்கொள்கிறேன். மிச்சத்தில் அப்பாவை நெல்லைக்குக் கூட்டிப்போய்க் கண்ணைக் காட்டுங்கள். அறுவை என்றால் ஆனிக்குள் முடித்துவிட வேண்டும், சாரல் ஆரம்பித்தால் அவருக்கு இருமல் வந்துவிடும்.

சுரண்டை வரனுக்கு இப்போது ஒன்றும் சொல்ல வேண்டாம். இருபது பவுன் கேட்கிறவர்கள் நாளைக்கு இருபத்தைந்து கேட்பார்கள். தங்கச்சி பி.எட். முடிக்கட்டும்.

முதலாளிக்கு நான் எழுதியதை அத்தான் அப்படியே காட்ட வேண்டாம், முழங்கால் சமாச்சாரம் இருக்கிறது. தனியாக ஒரு தாளில் எழுதிக் கொடுக்கச் சொல். அவர் சந்தோஷப்பட்டால் பெரியவன் காலேஜ் பணத்துக்கு அத்தான் பேச்சை எடுக்கலாம்.

கடைசியாக வாய்க்கால் வயல். மேலவீட்டுச் சித்தப்பா பாகப்பிரிவினைப் பத்திரத்தோடு வந்து அப்பாவிடம் கையெழுத்துக் கேட்டாராமே. கண் தெரியாத மனுஷனிடம் பத்திரத்தை நீட்டுகிறாரே, என்ன தைரியம்! கண் ஆபரேஷன் முடிகிற வரை எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்று அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல். பொதுக்கிணற்றில் நமக்குள்ள பாதிப் பங்கு அந்தப் பத்திரத்தில் வருகிறதா என்று அத்தான் வாசித்துப் பார்க்கட்டும். சார்பதிவாளர் ஆபீஸில் வில்லங்கம் போட்டுப் பார்க்க வேண்டும். பழைய பட்டா, அம்மாவின் டிரங்குப் பெட்டியில் கல்யாணப் புடவைக்கு அடியில் இருக்கிறது. பெரியவனை விட்டு இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, சித்தி வீட்டில் இருக்கிற நேரத்தில் பெட்டியைத் திறக்காதே.

அன்புடன்,
தம்பி