அந்தப் பையனுக்கு நான் சொன்ன தேதி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளாக உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் கோலாலம்பூருக்கு அருகிலுள்ள கெந்திங் மலைக் கேளிக்கைப் பூங்காவைப் பற்றி நடக்கும் வாக்குவாதத்தைப் படித்து வருகிறேன். பழைய வெளிப்புறப் பூங்காவை எடுத்தது பெரிய அநியாயம், அந்தத் தண்ணீர்ப் படகு சவாரிக்கு ஈடாக இன்று ஒன்றும் இல்லை என்று சிரம்பான் வாசகி எழுதியிருந்தார். பழைய இரும்பைக் கட்டிக்கொண்டு எத்தனை காலம் அழுவது, புதியது உலகத் தரம் என்று கிள்ளான் வாசகர் பதில் சொன்னார். என் வீட்டிலும் இதே சண்டைதான். மகள் பழையதின் பக்கம், மருமகன் புதியதின் பக்கம். இவர்கள் எல்லாருடைய பேச்சிலும் ஒரு விஷயம் விடுபட்டுப் போகிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் செந்தூலில் வசிக்கிறேன். 27 வருடம் வாடகைப் பேருந்து ஓட்டி, 2018 கடைசியில் ஓய்வு பெற்றேன். பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் எனக்குப் பாதி நாள் கெந்திங் சவாரிதான். கோலசிலாங்கூர், பந்திங் பக்கத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளிலிருந்து பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் பேசி வைப்பார்கள். விடியற்காலை ஐந்து மணிக்குப் பள்ளி வாசலில் வண்டி நிற்க வேண்டும். இருட்டில் அம்மாமார்கள் நாசி லெமாக் எனும் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலங்களைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து ஏற்றுவார்கள். மீகூன் என்ற அரிசிச் சேமியா ஒரு சட்டி, கோழிப் பிரட்டல் ஒரு சட்டி. ஒவ்வோர் இருக்கையிலும் நான் ஒரு பிளாஸ்டிக் பை சொருகி வைத்திருப்பேன். ஏன் என்று மலைப்பாதையில் போனவர்களுக்குத் தெரியும். காராக் நெடுஞ்சாலையை விட்டுப் பிரிந்து ஏறத் தொடங்கியதும் பாட்டுச் சத்தம் அடங்கும். வண்டி முழுக்கக் கோடாலித் தைல வாசம் வரும்.

கோத்தோங் ஜெயாவைத் தாண்டினால் எனக்கு இரண்டாம் கியர்தான். அந்த வளைவுகளில் திடீரென்று மேகம் வந்து கண்ணாடியை மூடும். அப்போது பின்னால் கேட்கும் சத்தத்தை 27 வருடமும் கேட்டும் எனக்குச் சலிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டக்கூடாது என்று ஆசிரியை சொல்லிக்கொண்டே இருப்பார். பிள்ளைகள் நீட்டிக்கொண்டே இருப்பார்கள். மேகத்தைப் பிடித்துவிட்டேன் என்று ஒரு பிள்ளை ஈரக் கையை என்னிடம் கொண்டுவந்து காட்டியது. எண்ணெய்ப்பனைக்கு நடுவே பிறந்து, வெயிலைத் தவிர வேறு தெரியாத பிள்ளைகள். 1,800 மீட்டர் உயரத்துக் குளிரில் முதல் தடவை இறங்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஓட்டுநர் பூங்காவுக்குள் போவதில்லை. வண்டியைத் துடைப்பதும், மற்ற ஓட்டுநர்களோடு பேசுவதும், கொஞ்சம் தூங்குவதுமாகப் பொழுது போய்விடும். இறங்கும்போது பிரேக்கை மிதித்தபடியே வரக்கூடாது, லைனிங் கருகிவிடும். கியரைக் குறைத்து, எஞ்சினை நம்பித்தான் வர வேண்டும். அதற்குத் தெளிவான கண் வேண்டும், அதனால் தூக்கமும் வேலைதான். ஒரே ஒருமுறை, 2005இல், ஒரு தலைமையாசிரியர் மிச்சமான இரண்டு சீட்டுகளை என் கையில் திணித்தார். அன்று என் மகளும் வண்டியில் வந்திருந்தாள், அவளுக்குப் பத்து வயது. சுங்கை ரெஜாங் என்ற அந்தத் தண்ணீர்ப் படகு சவாரியில் இருவரும் ஏறினோம். மரக்கட்டை மாதிரி ஒரு படகு. மெதுவாக மேலே போய் ஒரு நொடி நின்று, அப்புறம் சறுக்கி விழும். அந்தக் குளிரில் இருவரும் தொப்பலாக நனைந்தோம். அவள் பல் தந்தியடித்ததைப் பார்த்துச் சத்துணவு அக்கா ஃப்ளாஸ்க்கிலிருந்த மைலோவை ஊற்றிக் கொடுத்தார். அதனால் சிரம்பான் வாசகி எழுதியது எனக்குப் புரிகிறது. என் மகளுக்கும் அந்தச் சவாரிதான் கெந்திங். கார்க்ஸ்க்ரூ, குப்புறப் படுத்தபடி பறக்கும் ஃப்ளையிங் கோஸ்டர், ஸ்பேஸ் ஷாட் எல்லாம் பெரியவனாகப் போகிற பையன்கள் பெருமைக்கு ஏறுவது. அந்தப் படகில் அப்பாவும் மகளும் முன்னும் பின்னுமாக உட்காரலாம்.

கிள்ளான் வாசகர் சொல்வதையும் நான் மறுக்கவில்லை. கடைசி வருடங்களில் பூங்காவுக்கு வயதாகிவிட்டது. எந்த இயந்திரத்துக்கும் ஓர் ஆயுள் உண்டு. அதை என்னிடம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2023இல் பேரனைக் கூட்டிக்கொண்டு புதிய ஸ்கைவேர்ல்ட்ஸ் பூங்காவுக்குப் போனேன். 26 ஏக்கர், ‘உலகங்கள்’ என்று ஒன்பது பகுதிகள். ரியோ பகுதியின் வண்ணங்களைப் பார்த்து அவன் நகர மறுத்துவிட்டான். நன்றாகத்தான் இருக்கிறது. நன்றாக இல்லை என்று சொன்னால் அது பொய்.

ஆனால் பழையது 1.9.2013 அன்று மூடப்பட்டது. புதியது 8.2.2022 அன்று திறந்தது. நடுவில் எட்டு வருடம் ஐந்து மாதம். பழையதா புதியதா என்று சண்டை போடுகிற நாம் யாரும் அந்த எட்டு வருடத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

2013 நவம்பரில் ஒரு தோட்டப் பள்ளியை ஏற்றிக்கொண்டு போனேன். வருடம் முழுக்க வாரம் இரண்டு வெள்ளி (ரிங்கிட்) சேர்த்துப் போட்ட பயணம். வெளிப்புறப் பூங்கா மூடிவிட்டது என்று தெரிந்தும், உள்ளரங்கப் பூங்கா இருக்கிறதே என்று ஆசிரியர்கள் கிளம்பினார்கள். பிள்ளைகளும் உள்ளே சந்தோஷமாகத்தான் விளையாடினார்கள், குறை சொல்ல முடியாது. திரும்பும்போது தலை எண்ணினால் ஒன்று குறைந்தது. முதலாம் ஆண்டுப் பையன், ஏழு வயது. தேடிப் போனால், மூடிய வெளிப்புறப் பூங்காவை மறைத்து அடைத்திருந்த தகரத் தடுப்பின் இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு நிற்கிறான். அவனுடைய அக்கா போன வருடம் படகில் போய் வந்து, ஒரு வருடம் முழுக்க அதையே சொல்லிச் சொல்லி அவனை ஏங்க வைத்திருக்கிறாள். “எப்ப தொறப்பாங்க அங்கிள்?” என்று கேட்டான். “2016. நீ நாலாம் ஆண்டு படிக்கும்போது. நானே கூட்டிக்கிட்டு வர்றேன்” என்றேன். பத்திரிகையில் அப்படித்தான் போட்டிருந்தது. ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் என்ற அமெரிக்கப் பட நிறுவனத்தின் பெயரில் உலகத்திலேயே முதல் பூங்கா, 2016இல் திறப்பு என்று அந்த ஜூலையில் அறிவித்திருந்தார்கள். நான் அதை நம்பினேன், அவனும் என்னை நம்பினான்.

2016இல் அதே பள்ளியோடு மறுபடி போனேன். அவன் நாலாம் ஆண்டு. தடுப்பு அப்படியே இருந்தது, கிரேன்கள் மட்டும் கூடியிருந்தன. அவன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஏறும்போது என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்ப் பின்னால் உட்கார்ந்துகொண்டான். 2017இல் உள்ளரங்கப் பூங்காவும் புதுப்பிப்புக்காக மூடப்பட்டது. அது ஸ்கைட்ரோபொலிஸ் என்ற பெயரில் திரும்பி வந்தது 2018 டிசம்பரில்தான். அவனுடைய ஆறாம் ஆண்டுப் பயணம் நவம்பரில் முடிந்துவிட்டது. மேலே போய் என்ன செய்வது என்று ஆசிரியர்கள் மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப் போனார்கள். நானும் அந்த வருடத்தோடு வண்டியை விட்டேன். புதிய பூங்கா திறந்தபோது அவனுக்குப் பதினைந்து, பதினாறு வயது ஆகியிருக்கும். அந்த வயதில் யார் பள்ளிப் பேருந்தில் வரிசையாக உட்கார்ந்து, நாசி லெமாக் பொட்டலத்தோடு மலை ஏறுகிறார்கள்?

தாமதத்துக்குக் காரணங்கள் இருந்தன, அவை ஊரறிந்தவை. ஃபாக்ஸ் நிறுவனத்தை டிஸ்னி வாங்கும் சமயத்தில் ஒப்பந்தம் முறிந்தது. 2018 நவம்பரில் கெந்திங் மலேசியா அமெரிக்காவில் நூறு கோடி டாலருக்கு மேல் கேட்டு வழக்குப் போட்டது. 2019 ஜூலையில் சமரசம் ஆயிற்று, பூங்காவின் பெயர் மாறியது, அப்புறம் கோவிட். இதில் யார் மேல் தப்பு என்று சொல்ல நான் யார்? பெரிய காரியத்தில் தேதி தவறுவது சகஜம். என் வருத்தம் வேறு. தேதி தவறக்கூடும் என்று தெரிந்தே தொடங்கும் ஒரு வேலையில், பழையதை மொத்தமாக ஒரே நாளில் நிறுத்த வேண்டுமா? ஒரு மூலையை விட்டுவைத்து, ஒரு படகு, ஒரு சின்ன ரயில், ஒரு ராட்டினம், இந்த மூன்றை மட்டும் ஓட்டிக்கொண்டே மற்றதைக் கட்டியிருக்க முடியாதா? மலை உச்சியில் இடம் குறைவு, கட்டுமான லாரி போகிற இடத்தில் பிள்ளைகளை விட முடியாது என்று பொறியாளர்கள் சொல்லலாம். இருக்கட்டும். அதை யோசித்துப் பார்த்துவிட்டு முடியாது என்று சொல்வது ஒன்று, யோசிக்காமலே பூட்டுவது இன்னொன்று. அடுத்து எந்த ஊரில் எந்தப் பூங்காவை மாற்றினாலும் இந்தக் கேள்வியை முதலில் கேளுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

மூடிய இடத்தில் புதியது கட்டாயம் வரும் என்ற உத்தரவாதமும் இல்லை. கோம்பாக்கில் மிமாலேண்ட் என்ற பொழுதுபோக்குப் பூங்கா இருந்தது. எழுபதுகளின் கடைசியில் எங்கள் பள்ளியிலிருந்து போனோம். ஏரி மாதிரி பெரிய நீச்சல் குளம், காட்டுக்குள் டைனோசர் சிலைகள். 1994இல் மூடினார்கள். அந்த டைனோசர்களைப் பாசியும் கொடியும் மூடிவிட்டதாகப் படம் எடுத்துப் போடுகிறார்கள். என் பேரன் அதைப் பார்த்துவிட்டு, தாத்தா நீங்க நெஜமாவே அங்க வெளயாடுனீங்களா என்று கேட்கிறான்.

பினாங்கில் செய்த விதம் கொஞ்சம் மேல். தைப்பூசத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகும்போதெல்லாம் கொடிமலைக்கும் போவோம். 1923இல் தொடங்கிய மலை ரயில் அது. பாதி வழியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டும், உச்சிக்குப் போக அரைமணி நேரம் ஆகும். 2010 பிப்ரவரியில் நிறுத்தி, 2011 ஏப்ரலில் புது ரயிலைக் கொண்டுவந்தார்கள். இப்போது சில நிமிடங்களில் உச்சி. அதற்கும் நிறையப் பேர் வருத்தப்பட்டார்கள், நானும்தான். அந்த நிதானமான ஏற்றம், ஜன்னலோரத்து மரங்கள் எல்லாம் போயிற்று. ஆனால் ஒன்றே கால் வருடத்துக்குள் பிள்ளைகள் மறுபடி மலை ஏறினார்கள். பழைய பெட்டியை மேலே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். நான் அதன் அருகில் நின்று பேரனுக்கு எல்லாம் சொல்ல முடிந்தது. கெந்திங்கில் பேரனோடு நடந்த அன்று சுங்கை ரெஜாங் படகில் ஒன்றாவது எங்காவது நிற்கிறதா என்று தேடிப் பார்த்தேன். என் கண்ணில் படவில்லை. இருந்தால் யாராவது சொல்லுங்கள். அவனை அந்தப் படகுக்கு முன்னால் நிறுத்தி, உன் அம்மா இதில்தான் நனைந்தாள் என்று காட்ட வேண்டும்.

அன்று இன்னொன்றும் நடந்தது. ஒரு சவாரிக்கு உயரம் பார்த்தார்கள். பேரன் இரண்டு விரல் குறைவு. அழத் தயாராக நின்றான். “பரவாயில்லை, கொஞ்சம் வளர்ந்ததும் வரலாம், நானே கூட்டிக்கிட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டேன். சொல்லி முடிக்கும் முன்பே நெஞ்சுக்குள் சுருக்கென்றது. இதே மலையில், இதே வார்த்தைகளை, நான் ஏற்கெனவே ஒரு பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பையனின் குடும்பம் தோட்டத்தை விட்டுப் போய்விட்டது. நிலம் வீடமைப்புக்குப் போய், ஆட்கள் ஆளுக்கொரு பக்கமாக அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். அவன் இப்போது வளர்ந்த இளைஞனாகியிருப்பான். அவன் தமிழ்ப் பத்திரிகை படிக்கிறானோ என்னவோ, அவனுடைய அக்காவாவது படிக்கக்கூடும். தம்பி, பஸ் இப்போது என்னிடம் இல்லை. ஒரு பழைய புரோட்டான் கார் இருக்கிறது. பேரன் அந்தச் சவாரியின் உயரக் கோட்டைத் தாண்டி வளர்ந்துவிட்டான். வருகிற பள்ளி விடுமுறையில் மலை ஏறுகிறோம், பின் இருக்கையில் ஓர் இடம் காலியாகத்தான் இருக்கும். என் முகவரி ஆசிரியர் அலுவலகத்தில் உண்டு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்,
செந்தூல், கோலாலம்பூர்