வேகத்தைக் குறைப்பதானால் சொல்லிவிட்டுக் குறையுங்கள்: லேப்டாப் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

லேப்டாப் தயாரிக்கும் நிறுவனத்தார் அனைவருக்கும் வணக்கம்.

சிறிய ஊர் ஒன்றில் லேப்டாப் சர்வீஸ் கடை நடத்துகிறேன். உங்களில் யாருடைய பெட்டியாக இருந்தாலும் ஐந்தாறு வருடம் ஓடியபின் என் போன்றவர்களின் மேசைக்குத்தான் வந்து சேர்கிறது. அப்படி வருகிறவற்றில் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு: "சார்ஜர் மாட்டியிருந்தா நல்லா ஓடுதுங்க, கழட்டினா இழுக்குது." அதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

இந்தப் புகாரோடு வருபவர்கள் நேராக என்னிடம் வருவதில்லை. அதற்கு முன்பே யாரோ "விண்டோஸ் கெட்டுப்போச்சு" என்று சொல்லி ஃபார்மட் அடித்திருப்பார்கள். வீட்டுப் புகைப்படங்கள் அதோடு போயிருக்கும். இன்னொருவர் ரேம் கூட்டச் சொல்லியிருப்பார், வேறொருவர் எஸ்எஸ்டி மாற்றியிருப்பார். இத்தனை செலவுக்குப் பிறகும் சார்ஜரைக் கழற்றினால் பழைய கதைதான். கடைசியில் பெட்டியே வயதாகிவிட்டது என்று நம்பி, புதிதாக ஒன்று வாங்கத் தவணைக்கு விசாரித்துக்கொண்டிருப்பார்கள்.

இப்படி வந்த ஒரு கல்லூரி மாணவியின் லேப்டாப்பைச் சொல்கிறேன். டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தோம். சார்ஜர் இருக்கும்வரை பிராசஸர் வேகம் 2.8 கிகாஹெர்ட்ஸைச் சுற்றியே இருந்தது. பிளக்கை உருவிய சில விநாடிகளில் 0.39க்கு இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது. வைரஸ் இல்லை. சூடும் இல்லை, 45 டிகிரிதான். பவர் ஆப்ஷனில் பிராசஸரின் உச்ச வரம்பு 100 சதவீதமாகவே இருந்தது. பிறகு விண்டோஸின் பேட்டரி அறிக்கையை எடுத்தேன். புதிதில் 41,000 மில்லிவாட்-மணி கொள்ளளவு இருந்த பேட்டரி, இப்போது முழுதாக ஏற்றினாலும் 15,000ஐத் தாண்டவில்லை. ஆனால் திரையின் மூலையில் பேட்டரி 83 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருந்தது. அது மிச்சமிருக்கும் பதினைந்தாயிரத்தில் 83 சதவீதம். அந்தப் பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்? பேட்டரியை மட்டும் மாற்றினேன், விண்டோஸைத் தொடவே இல்லை. சார்ஜர் இல்லாமலும் வேகம் பழையபடி வந்துவிட்டது.

பேட்டரி பலவீனமானால் நீங்கள் வேகத்தைக் குறைப்பதே அநியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. காரணம் எனக்குத் தெரியும். பேட்டரிக்குள் இருக்கும் லித்தியம் அயான் செல்லுக்கு வயதாக ஆக அதன் உள்மின்தடை, அதாவது மின்சாரம் வெளியே வருவதை உள்ளேயே தடுக்கும் தன்மை, ஏறுகிறது. மூன்று செல்கள் வரிசையாக உள்ள பேட்டரி பாதிச் சார்ஜில் சுமார் 11 வோல்ட் கொடுக்கும். 15 வாட் என்று குறிக்கப்பட்ட பிராசஸர்கூட டர்போவில், அதாவது தேவைப்படும்போது வேகத்தைக் கூட்டிக்கொள்ளும் நிலையில், சில விநாடிகள் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இழுக்கும். திரை, டிஸ்க் எல்லாம் சேர்த்து 4 ஆம்பியர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்மின்தடை 0.4 ஓம் ஆகியிருந்தால் அந்த ஒரு நொடியில் 1.6 வோல்ட் விழுந்துவிடும். மிச்சம் ஒன்பதரைக்கும் கீழே. இன்னும் கொஞ்சம் விழுந்தால் பெட்டி பட்டென்று அணைந்துபோகும், எழுதிக்கொண்டிருந்தது போய்விடும். அதைத் தடுக்கத்தான் பல மாடல்களில் உங்கள் ஃபர்ம்வேர், அதாவது மதர்போர்டிலேயே நீங்கள் பதித்து அனுப்பும் மென்பொருள், பிராசஸரின் கையைக் கட்டுகிறது. சரி, நியாயமான ஏற்பாடுதான்.

ஆனால் அதை ஏன் ஒரு வார்த்தை சொல்லாமல் செய்கிறீர்கள்? பிராசஸர் அளவுக்கு மீறிச் சூடானால் தன்னைத்தானே மட்டுப்படுத்திக்கொள்ள 'புராக்ஹாட்' என்று ஒரு சிக்னல் உண்டு. மதர்போர்டும் வெளியிலிருந்து அதே சிக்னலைக் கொடுக்க முடியும். பேட்டரி பலவீனம் என்றாலும், சார்ஜர் அடையாளம் தெரியவில்லை என்றாலும் அதைத்தான் கொடுக்கிறீர்கள். விண்டோஸ் திரையில் இதைப் பற்றி எந்தத் தகவலும் வருவதில்லை. இதற்கென்றே தனி மென்பொருள் போட்டுப் பார்த்தால்தான் தெரிகிறது. சர்வீஸ் கடைக்காரர்களிலேயே பலருக்கு இது தெரியாது என்றால், வீட்டில் வைத்துப் பயன்படுத்துகிறவர் என்ன செய்வார்?

சார்ஜர் சமாச்சாரமும் இதே ரகம்தான். சில மாடல்களில் சார்ஜர் முனையின் நடுவே மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். அதன் வழியாகத்தான் சார்ஜர் எத்தனை வாட் என்பதை மதர்போர்டு படித்துக்கொள்கிறது. அந்த ஊசி வளைந்தாலோ ஒயர் உள்ளே அறுந்தாலோ மின்சாரம் வரும், வேகம் வராது, பேட்டரியும் ஏறாது. பெட்டியை ஆன் செய்யும்போது ஒரு வரி எச்சரிக்கை காட்டும் மாடல்கள் உண்டு. பெரும்பாலானவர்கள் மூடியை மூடித் திறப்பதோடு சரி, பெட்டியை முழுதாக அணைத்து ஆன் செய்வதே அபூர்வம். அந்த வரியை அவர்கள் பார்ப்பதே இல்லை.

செல்போனில் இதே பிரச்சினை எழுந்து தீர்ந்த கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். பழைய பேட்டரி உள்ள ஐபோன்களின் வேகத்தைக் குறைத்ததை 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. மன்னிப்புக் கேட்டு, அமெரிக்காவில் 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றும் கட்டணத்தை 29 டாலராக்கியது. 2018 மார்ச்சில் பேட்டரியின் ஆரோக்கியத்தைக் காட்டும் பக்கமும், வேகக் குறைப்பை நிறுத்திக்கொள்ளும் வசதியும் வந்தன. 2020இல் பிரான்ஸ் அந்த நிறுவனத்துக்கு 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது, வாடிக்கையாளர்களுக்குச் சொல்லவில்லை என்பதற்காக. போனுக்குப் பொருந்திய நியாயம் லேப்டாப்புக்கும் பொருந்த வேண்டாமா?

எங்கள் ஊரில் லேப்டாப் ஒரே ஆளிடம் முடிந்துபோவதில்லை. 2011இல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் அக்காவுக்குக் கிடைத்தது தம்பிக்குப் போனது, அப்புறம் சித்தப்பா மகளுக்குப் போனது. செகண்ட் ஹேண்டில் வாங்கிப் படிக்கிறவர்கள் ஏராளம். கரன்ட் போன நேரத்தில், கடைசி நாள் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருக்கும்போதுதான் அவர்களுக்கு பேட்டரி வேண்டும். அந்த நேரம் பார்த்து 0.39 கிகாஹெர்ட்ஸில் ஒரு பக்கம் திறக்கக் காத்திருப்பது கொடுமை.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் ஒன்றுமில்லை. "பேட்டரி பலவீனமாக இருப்பதால் வேகம் குறைக்கப்பட்டுள்ளது" என்று வேகத்தைக் குறைக்கிற அந்த நிமிடத்திலேயே திரையில் காட்டுங்கள், தமிழிலும் காட்டுங்கள். பேட்டரியின் முதல் கொள்ளளவையும் இப்போதைய கொள்ளளவையும் சதவீதத்துக்குப் பக்கத்திலேயே போடுங்கள். திடீரென்று அணைந்தாலும் பரவாயில்லை, வேகம்தான் வேண்டும் என்பவருக்கு அதைத் தேர்ந்தெடுக்க ஒரு வழி வையுங்கள்.

அடுத்தது பேட்டரி கிடைப்பது. வாங்கி ஐந்து வருடமானால் பல மாடல்களுக்கு உங்கள் ஒரிஜினல் பேட்டரி கிடைப்பதே இல்லை. டூப்ளிகேட்டைப் போட்டால் சிலவற்றில் ஃபர்ம்வேர் அதை ஏற்காமல் மறுபடி வேகத்தைக் குறைக்கிறது. 2027 பிப்ரவரி 18 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் இத்தகைய சாதனங்களின் பேட்டரியைப் பயன்படுத்துகிறவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்று சட்டம் வருகிறது. அதற்காக நீங்கள் செய்யப்போகும் பெட்டியையே இங்கும் விற்கலாம். பேட்டரியின் மாடல் நம்பரை லேப்டாப்பின் அடியில் அச்சிட்டு, குறைந்தது ஏழெட்டு வருடமாவது அதை விற்பனையில் வைத்திருங்கள்.

ஏற்கெனவே வீடுகளில் இருக்கும் பெட்டிகளுக்கு ஒரு பயாஸ் அப்டேட்டில், அதாவது அந்த ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கும்போது, அந்த ஒரு வரி அறிவிப்பைச் சேர்த்துவிட முடியும். அதிலிருந்து தொடங்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பெட்டிகளைத் திறந்து பார்க்கும் ஒரு சர்வீஸ் கடைக்காரன்