துவாரபாலகர் கையில் கட்டுக்கம்பி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெயர் பெஸ்தாரி ஜெயா என்று மாறி நாளாகிவிட்டாலும், பத்தாங் பெர்ஜுந்தை என்றால்தான் எங்கள் ஊர் பலருக்கும் பிடிபடும். பக்கத்துத் தோட்டக் கோயில் ஒன்றில் கும்பாபிஷேகத்துக்காகக் கோபுரத்துக்கு வர்ணம் பூசுகிறார்கள். போன வாரம் சாமி கும்பிடப் போனவன், கும்பிட மறந்து அண்ணாந்து நின்றுவிட்டேன். ஐந்து அடுக்குச் சாரம், சுற்றிலும் பச்சை வலை. இவ்வளவையும் கோபுரத்தோடு பிடித்து வைத்திருப்பது, இரண்டாம் நிலைத் துவாரபாலகரின் மணிக்கட்டில் முறுக்கிய கட்டுக்கம்பி! சுதைக் கை ஐயா அது.

கோலாலம்பூரில் இருபது வருடம் சாரம் கட்டிப் பிழைத்தவன் நான். குத்தகைக்காரரைக் கேட்டேன். "முழுசா ஏத்தி முடிச்சதும் நல்லா கட்டிடுவோம் அண்ணே" என்றார். அங்கேதான் தப்பு. அடி அகலத்தைப்போல் 4 மடங்கு உயரம் வரும்போதே, சாரத்தைக் கோபுரத்தோடு சேர்க்கும் முதல் பிணைப்பு விழ வேண்டும். 4 அடி அகல பிரேம் என்றால் 16 அடி. மூன்றாவது அடுக்கு நிமிரும்போதே அது வந்துவிடும். அமெரிக்கச் சட்டம் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறது. அதற்கு மேல், 3 அடிக்குக் கூடுதலான அகலமுள்ள சாரத்துக்கு, உயரவாக்கில் 26 அடிக்குள் ஒன்று, பக்கவாட்டில் 30 அடிக்குள் ஒன்று, இரு முனைகளிலும் கட்டாயம் என்கிறது. வலை போட்டால் இன்னும் நெருக்கமாகப் போட வேண்டும். விடியற்காலையில் சுமத்ராத் தீவுப் பக்கமிருந்து வரும் சூறைக்காற்று அடிக்கும்போது வலை பாய்மரமாகிவிடும்.

கம்பி வெளியே சாயும் சாரத்தை இழுத்துப் பிடிக்கும், அவ்வளவுதான். உள்ளே சாய்ந்தால் சும்மா தொங்கும். சாரம் சிற்பங்கள்மேல் போய் மோதும். இரண்டையும் தாங்க இரும்புக் குழாய் வேண்டும். அதற்குத் துவாரபாலகர் காவல் நிற்கும் வாசலே இருக்கிறதே! குழாயை அதற்குள் நுழைத்து, வாசலின் இருபுறச் சுவரிலும் படும்படி உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று எனக் குழாய்களைக் குறுக்கே போட்டு கிளாம்ப் முடுக்கினால் அசையாது. தண்ணீர்க் குழாய், சன்னல் சட்டம், கைப்பிடிக் கம்பி எதிலும் கட்டக்கூடாது.

நான் அதிகம் பயப்படுவது வர்ணம் பூசும் தம்பிகளுக்கு. பிரஷ் போக இடமில்லை என்று ஒரு பிணைப்பை அவிழ்ப்பார்கள். சாயங்காலம் திரும்பப் போட யாருக்கும் ஞாபகம் வராது. அவிழ்த்தே ஆகவேண்டுமென்றால், முதலில் பக்கத்தில் வேறொன்றைப் போடச் சொல்லுங்கள். அதையும் சாரம் கட்டியவர்தான் போட வேண்டும். சாரம் பிரிக்கும்போதும் மேலிருந்து இறங்கி வரவர, அந்தந்த அடுக்கோடுதான் பிணைப்பு கழல வேண்டும்.

கோயில் கமிட்டிகள் முன்பணம் கொடுக்குமுன், தொழிலிடப் பாதுகாப்பு சுகாதார இலாகாவில் பதிந்த சாரம் கட்டுநரா என்று பார்க்கட்டும். முதல் பிணைப்பு எந்த அடுக்கில் என்று கேட்கட்டும். எங்கள் தலைவரிடம் சொன்னதற்கு, "ஐயர் நாள் குறிச்சிட்டாரே அண்ணே" என்றார்.

நேற்று மாலை மறுபடி போனேன். ஒரு பக்கம் மட்டும் குழாய் போட்டிருக்கிறார்கள். கம்பி இன்னும் மணிக்கட்டில்தான் இருக்கிறது.

முன்னாள் சாரத் தொழிலாளி,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்